மதில்மேல் மூன்று பிடி சாதம்

மட்டாஞ்சேரியில் சுபாஷிணிக்குக் குருவி மூக்கு அளக்கிறவள் என்று பெயர் ஆகிவிட்டது. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னால் யார் காதில் ஏறுகிறது? விடிந்தால் கையில் வலையும் தோளில் பையுமாகக் குடோன் வாசலில் நிற்கிறாள். பைக்குள் ஒரு வெர்னியர் அளவுகோல், குருவியை நிறுக்கச் சின்னத் துணிப்பை, காலில் மாட்டக் கலர் கலராக வளையங்கள். சுமைக்காரர்கள், "இன்னிக்கு எத்தர மூக்கு டீச்சரே?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் சாயாவைக் குடிப்பார்கள். முதலில் கோபப்பட்டாள், பிறகு சிரித்தாள், இப்போதெல்லாம் எண்ணிக்கையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறாள்.

விஷயம் இதுதான். பஜார் ரோடிலும் அவள் குடியிருந்த சந்திலும் முன்பு அரிசி மண்டிகள் இருந்தன. கோணியிலிருந்து சிந்தின அரிசியைத் தின்று குருவிகள் தலைமுறை தலைமுறையாகச் சுகமாக வாழ்ந்தன. ஆறு வருஷத்துக்கு முன் மண்டிகள் ஊருக்கு வெளியே போயின, அந்தக் கட்டடங்களுக்கு மாட்டுத் தீவனக்காரர்கள் வந்தார்கள். இப்போது சிந்துவது உடைத்த மக்காச்சோளம். அரிசி மாதிரியா அது? பல் போனவன் கையில் முறுக்கைக் கொடுத்த மாதிரிதான். அலகு தடித்த குருவி கடித்து நொறுக்கிவிடும். அலகு மெலிந்தது முட்டி மோதிப் பார்த்துவிட்டுப் புழு தேடிப் போகும். வெயில் காலத்தில் அதன் பிழைப்பும் எப்படியோ ஓடிவிடும். நம் ஆடிதான் அங்கே கர்க்கடகம். அந்த மாசத்து மழையில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை, அப்போதுதான் வினை.

மெலிந்த அலகுக்காரர்கள் சாவார்கள். தடித்த அலகுக்காரர்கள் மிஞ்சிக் குஞ்சு பொரிப்பார்கள். குஞ்சுக்கும் அப்பன் அம்மாவின் அலகே வாய்க்கும். இப்படி மழைக்கு மழை அந்தக் கூட்டத்தின் மூக்கே தடித்துக்கொண்டு வரும். எந்தக் குருவியும் கஷ்டப்பட்டுத் தன் மூக்கை வளர்த்துக்கொள்வதில்லை. யார் மிஞ்சுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இயற்கைத் தேர்வு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் பண்ணி மறந்ததை, சுபாஷிணி தன் தெருவில் அரை மில்லிமீட்டரில் பிடித்துக் காட்டிவிடப் பார்த்தாள்.

அவளுடைய மாமியார் அம்மிணிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மிணி கேட்டாள்: "அப்போ நம்மாத்து மூக்கு? உன் மாமனார், அவரோட அப்பா, இப்போ வெங்கிட்டு. மூணு பேருக்கும் ஆள் வர்றதுக்கு முன்னாடி மூக்கு வந்துடும். அந்த மூக்கு எப்படிடீ இத்தனை தலைமுறை தப்பிச்சது?"

"பொண்ணு கொடுத்தவா யாரும் மூக்கைப் பாக்கலேம்மா. ஜோலியைப் பாத்தா."

"ஆக்கும்! நான் மூக்கைத்தான் பாத்தேன்," என்றாள் அம்மிணி. "நன்னாத்தான் இருந்தது."

அவள் கணவர் அனந்தநாராயணன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் வெங்கிட்டு துறைமுகம் இருக்கிற ஐலண்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தான். பகல் முழுக்க அம்மிணி வீட்டில் தனியாகத்தான் இருப்பாள்.

பஜார் ரோடில் எல்லாம் படித்தபடியே நடந்தது. நாலு மழைக்காலம் பார்த்தாள், நாலிலும் மெலிந்த அலகுக்காரர்கள் குறைந்தார்கள். வீட்டுச் சந்தில்தான் கதை கோணிக்கொண்டது. பத்து நிமிஷ நடைதான் தூரம். அதே சோளம், அதே மழை, அதே திருட்டுப் பூனைகள். ஆனால் இங்கே மெலிந்த அலகுக் குருவிகள் குஞ்சும் குடும்பமுமாக அசையாமல் உட்கார்ந்திருந்தன. இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் வேறு. நாலில் ஒரே ஒரு மழையில், இரண்டு வருஷத்துக்கு முன்பு, இங்கேயும் அவை பதினொன்று செத்துப்போயின. மறு வருஷம் மறுபடி ஒன்றும் சாகவில்லை.

எர்ணாகுளத்தில் இருந்த அவளுடைய வழிகாட்டி மாதுரி மேடம் கறாரான மனுஷி. ஒன்று உன் அளவு தப்பு, அல்லது நீ சொல்கிற காரணம் தப்பு, எது என்று தெரியாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். டிசம்பர்தான் கடைசித் தவணை. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டித்துக் கொடுத்தாயிற்று, இனி நீட்டிக்க வழியில்லை. ஐந்து வருஷ உழைப்பு இந்த ஒரு மழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சுபாஷிணி தலையைப் பிய்த்துக்கொண்டாள். பூனைகளை எண்ணினாள், சாக்கடைகளைக் குனிந்து பார்த்தாள், ஓட்டுச் சந்துகளில் டார்ச் அடித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு நாள் பாலக்காட்டிலிருந்து நாத்தனார் ஸுப்ரியா கூப்பிட்டாள். "அம்மாவைக் கொஞ்சம் இங்கே அனுப்பு, சுபா. அப்பா காலமான வருஷம் வந்து மழை முழுக்க இருந்தாளே, அது மாதிரி."

சுபாஷிணி அதை உரக்கச் சொன்னதும் அடுக்களையிலிருந்து அம்மிணியின் குரல் வந்தது. "அந்த மூணு மாசமே இந்த ஜன்மத்துக்குப் போறும்னு சொல்லு. என்னால இனி இந்த ஆத்தை விட்டுட்டு வர முடியாது."

சுபாஷிணி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அம்மிணி இல்லாத மழை. குருவிகள் செத்த மழை. இரண்டும் ஒரே மழை.

ஈசுவரா! தினமும் மத்தியானம் அம்மிணி சாதம் வடித்ததும், நெய் விட்டு, பின்மதில்மேல் வைத்து, 'கா, கா' என்று கூப்பிடுவாள். காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் தன் இலையில் உட்காருவாள். இது சுபாஷிணிக்குத் தெரியாதா? பிறந்த வீட்டிலும் பார்த்ததுதான், புகுந்த வீட்டிலும் பார்த்ததுதான். காக்கைக்கு ஒரு பிடி. வரிசையில் காத்து நிற்கிற குருவிகளுக்காக இன்னொரு பிடி. நெஞ்சு கேட்காமல் மூன்றாவதாக ஒரு பிடி. குழைய வடித்த சாதம், மெலிந்த மூக்குக்கென்றே பார்த்துச் செய்த சாப்பாடு! ஊரிலுள்ள ஒவ்வொரு கோணியையும் பிரித்துப் பார்த்தவள், தன் வீட்டு மதிலைப் பார்க்கவில்லை. என்னத்தைச் சொல்ல.

விஷயத்தைக் கேட்டு மாதுரி மேடம் முதல்முறையாகச் சிரித்தாள். ஆனால் தற்செயலாக அமைந்த ஒரு மழை போதாது, இந்தக் கர்க்கடகத்தில் சாதத்தை நிறுத்திப் பார், மறுபடியும் அதே நடந்தால் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

மூன்று நாள் சுபாஷிணிக்கு வாய் வரவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், அம்மிணி தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்கப்படாது."

"பீடிகை போடாதே. சொல்லு."

சொன்னாள். அம்மிணியின் கை நின்றது. "அப்போ நாலு வருஷமா நான்தான் உன் படிப்பைக் கெடுத்திண்டிருந்தேனா?"

"நீங்கோ கெடுக்கலேம்மா. நான்தான் பாக்கலே. தினம் கண்ணெதிர்ல இருந்தும், அதைச் சாப்பாடுன்னு எனக்குத் தோணவே இல்லே. பூஜைன்னுதான் தோணித்து."

அம்மிணி அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளினாள். "அந்த வருஷம் செத்துதுன்னியே. அது நான் வைக்காததுனாலயா?"

சுபாஷிணிக்குப் பொய் வராது. "ஆமாம்மா."

"அன்னிக்கு எனக்கு என் வயத்தைப் பத்தியே ஓர்மையில்லே. அதுகளை யாரு நெனைச்சா," என்றாள் அம்மிணி. பிறகு நறுக்கின பயற்றங்காயைக் கூட்டி எடுத்தாள். "இப்போ எத்தனை நாள் வைக்காம இருக்கணும்?"

"கர்க்கடகம் முழுக்க. முப்பத்தொரு நாள்."

"அப்போ இதுகளும் சாகுமா?"

"மூக்கு மெலிஞ்சது ஒம்பது மிஞ்சியிருக்கு. சிலது... கஷ்டம்தான்."

அம்மிணி ஜன்னல் வழியாக மதிலைப் பார்த்தாள். "சரி. வைக்கலே. உன் காரியம் நடக்கட்டும்," என்றாள். சுபாஷிணி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இந்த மனுஷிக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன் என்று மனசு நிறைந்து போயிற்று. அதோடு அந்தக் கவலை விட்டது என்றும் நினைத்துவிட்டாள்.

கர்க்கடகம் பிறந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. சந்தில் முழங்கால் தண்ணீர், துணி காயவில்லை. சுபாஷிணி காலையில் வலை கட்டுவாள், குருவியைத் துணிப்பையில் போட்டு நிறுப்பாள், எழுதுவாள். முதல் வாரத்திலேயே மெலிந்த அலகுக்காரர்களுக்கு ஒன்றரை கிராம் குறைந்தது. இரண்டாம் வாரத்தில் இரண்டு கிராம். பிறகு ஒன்று காணவில்லை, பிறகு மூன்று. பதினேழாம் நாள் நாலு இல்லை. பதினேழாம் நாள் சாயங்காலம் மாதுரி மேடத்தைக் கூப்பிட்டு, நாம் நினைத்தபடியே போகிறது என்றாள். குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கே கேட்டது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வீட்டில் அவளும் வெங்கிட்டும் காலையில் இட்லி தின்றுவிட்டு டப்பாவில் சப்பாத்தியோடு ஓடுவார்கள். ராத்திரிக்குத் தோசை. சாதம் என்பது மத்தியானம் அம்மிணி தனக்காக வைத்துக்கொள்வதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோருக்கும் வடிப்பாள். இந்த மாசத்து ஞாயிறுகளில் இவர்களுக்குப் பரிமாறிவிட்டு, "எனக்கு நோன்பாக்கும்," என்று எழுந்துவிட்டாள். கர்க்கடகத்தில் யார்தான் நோன்பு இல்லை? அமாவாசைக்கு வெங்கிட்டு கடற்கரைக்குப் போய் அப்பாவுக்குப் பிண்டம் வைத்துப் பலி போட்டுவிட்டு வந்தான். அன்றைக்கும் அம்மிணி மதில் பக்கம் போகவில்லை.

பதினெட்டாம் நாள் காலை. பாத்திரம் தேய்க்கப் பள்ளுருத்தியிலிருந்து வருகிற அங்கம்மாள், சுபாஷிணி வலையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது வாசலில் மறித்தாள்.

"டீச்சரே, ஒரு காரியம் சொல்லட்டா? கோவிக்கக் கூடாது."

"என்ன அங்கம்மா?"

"இந்த மாசம் பொறந்ததுலேந்து, ஞாயித்துக்கிழம தவிர, நான் சோத்துப் பானை தேய்க்கல."

சுபாஷிணிக்கு உடனே விளங்கவில்லை.

"இட்லித் தட்டு வருது, தோசக்கல்லு வருது, டம்ளரு வருது. சோத்துப் பானை மட்டும் வரல. நான் இந்த வீட்டுல ஒம்பது வருஷமா தேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா? அம்மா மத்தியானம் என்னதான் சாப்பிடுது? நான் கேட்டா, உன் ஜோலியைப் பாருங்குது."

வலை கையிலிருந்து நழுவியது. சுபாஷிணி செருப்போடு அடுக்களைக்குள் ஓடினாள்.

அம்மிணி ஒரு டம்ளர் மோரில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கினபோது வளை சரிந்து முழங்கை வரை போயிற்று. கன்னம் ஒட்டியிருந்தது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. கடவுளே, இதையெல்லாம் எங்கே வைத்திருந்தேன் இத்தனை நாள்? இருபத்தைந்து கிராம் குருவியில் இரண்டு கிராம் குறைந்தால் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுகிறவள், ஒரே கூரைக்குக் கீழே தன் மாமியார் இளைத்ததைப் பார்க்கவில்லை.

"அம்மா, நீங்கோ சாதம் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

அம்மிணி வாசல் பக்கம் முறைத்தாள். "அந்த அங்கம்மா வாயை வெச்சிண்டு சும்மா இருக்க மாட்டாளே!"

"எத்தனை நாளாச்சும்மா?"

"வைக்காம எப்படிடீ சாப்பிடறது?" என்றாள் அம்மிணி, உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்கிற மாதிரி. "கல்யாணம் ஆன நாள்லேந்து காக்கா வாய் வைக்காம நான் சாதத்துல கை வெச்சதில்லே. இட்லி, தோசை திங்கலாம், அதுக்குத் தோஷமில்லே. ரெண்டு வேளை திங்கறேனே. நான் ஒண்ணும் சாகலே."

"சொல்லியிருக்கலாமேம்மா! வேற எங்கேயாவது கொண்டுபோய் வெச்சிருப்பேனே."

"உன் மாமனார் நம்மாத்து மதிலுக்குன்னா வருவார்? வழி தெரியாத எடத்துல கொண்டு வெச்சுட்டு, இங்கே வாங்கோன்னா எப்படி வருவார், பாவம்." அம்மிணி மோரைக் கீழே வைத்தாள். "சொன்னா நீ நிறுத்திடுவேன்னு தெரியும். அதான் சொல்லலே."

சுபாஷிணி அலமாரியைத் திறந்து அரிசியை எடுத்துக் களைய ஆரம்பித்தாள். அம்மிணிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வந்து கையைப் பிடித்தாள்.

"விடு. என்ன பண்றே?"

"சாதம் வைக்கப் போறேன். மதில்ல வைக்கப் போறேன்."

"அசத்தே! பதிமூணு நாள்தான் பாக்கி. இத்தனை நாள் நான் வயத்தைக் கட்டினது வெறுதே ஆயிடாதோ? உன் அஞ்சு வருஷம் என்னாறது?" அம்மிணியின் குரல் உடைந்தது. "அந்த நாலு குருவியும் வெறுதேயா செத்தது?"

அது சுபாஷிணியின் நெஞ்சில் போய் விழுந்தது. அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். சின்னக் குழந்தை மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். "ஆமாம்மா, அதுகளை நான்தான் கொன்னேன். அந்த வருஷம் அதுகள் செத்தப்போ நீங்கோ துக்கத்துல இருந்தேள். இப்போ நான் வேணும்னே பாத்திண்டிருந்தேன். இன்னும் பதிமூணு நாள் அதுகளையும் உங்களையும் நிறுத்துப் பாத்திண்டு இருக்க என்னால முடியாது. படிப்பு போனா போகட்டும். எனக்கு நீங்கோ வேணும்."

அம்மிணி முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

சாதம் கொதிக்கும்போதே சுபாஷிணி மாதுரி மேடத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். மேடம் எல்லா அளவுகளையும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள். பிறகு, பதினெட்டு நாள் அளவு முழு மழைக்காலம் ஆகாது, ஒரு மழைக்குத்தான் ஆதாரம் இருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே எழுது, அதற்குக் கமிட்டி பட்டம் கொடுக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன் என்றாள் மேடம். சரி மேடம் என்று வைத்துவிட்டாள். ஐந்து வருஷம் அப்படியே நழுவுகிறதே என்று ஆற்றாமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவள் கை சாதத்தைக் குழைய மசித்துக்கொண்டிருந்தது.

மழை சற்று விட்டிருந்தது. மதிலைத் துடைத்து, நெய் விட்டு, மூன்று பிடி வைத்தாள். அம்மிணி பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுபாஷிணிக்குக் காக்கையைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "கா... கா..." என்றது அவள் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது.

"இப்படிக் கூப்பிட்டா யாரு வருவா," என்று அம்மிணி முன்னால் வந்து கூப்பிட்டாள். அந்த ஒடிசலான உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்ததோ. காக்கை வரவில்லை. பதினெட்டு நாள் வெறும் மதிலைப் பார்த்துவிட்டு அவை வேறு வீடு தேடிப் போய்விட்டன போலிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. கால் மணி நேரம் ஆயிற்று. சாதத்திலிருந்து ஆவி அடங்கிப் போயிற்று.

குருவிதான் வந்தது. முதலில் ஒன்று, பிறகு ஓட்டுச் சந்திலிருந்து நாலைந்து. சுபாஷிணி வேண்டாம் என்று நினைத்தாலும் அவள் கண் கால் வளையங்களைத்தான் படித்தது. மெலிந்த அலகுக்காரர்கள் ஐந்தும் வந்துவிட்டன. மற்ற நாலும் வரவில்லை, வரப் போவதுமில்லை. வந்த ஐந்தும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், சாதத்தைக் கொத்தின.

அம்மிணி வானத்தைப் பார்த்தாள், தென்னை மரத்தைப் பார்த்தாள், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். காக்கை இல்லை. எல்லாம் செய்தும் இந்த மனுஷி இன்றைக்கும் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிடுவாளே என்று சுபாஷிணிக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் பாக்கலாமா?"

அம்மிணி குருவிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம்," என்றாள் மெல்ல. "காக்காயாத்தான் வரணும்னு யாரு சொன்னா? இதுகள் வந்துதே, போறும். வா, உனக்கும் பசிக்கும்."

நாற்பது வருஷத்தில் முதல்முறையாக, காக்கை வராமல் அம்மிணி இலையில் உட்கார்ந்தாள். சுபாஷிணி சுடச்சுடச் சாதம் போட்டு, ரசத்தை விட்டாள். அம்மிணி பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவது கவளம், மூன்றாவது கவளம். சுபாஷிணி தன் இலையைத் தொடவேயில்லை. ஒவ்வொரு கவளமும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பாக்கறே?" என்றாள் அம்மிணி. "இன்னும் கொஞ்சம் சாதம் போடு."